அலங்கு எந்தக் குலம்

முன்னொரு காலத்தில் என்றுதான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும். எந்தக் காலம் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நாட்டின் பெயரும் அரசரின் பெயரும் நினைவிலிருந்து நழுவிவிட்டன. கதையில் வந்தது அலங்குதானா, வேறு எதையோ பற்றிக் கேட்டதை நான்தான் அலங்காக்கிக்கொண்டேனா என்றுகூடச் சில நாள் சந்தேகம் வரும். ஆனால் அந்த அவையில் ஒரு பகலில் நிலவிய மௌனம் மட்டும் எனக்கு மறக்கவில்லை. அதை நம்பித்தான் மற்றதையும் சொல்கிறேன்.

அந்த நாட்டு அரசருக்கு ஒரு நாள் பெயர்ப் பைத்தியம் பிடித்தது. வேட்டைக்குப் போன இடத்தில் ஒரே குருவியை மூன்று ஊர்க்காரர்கள் மூன்று பெயர் சொல்லிக் காட்டினார்கள். நான்காவது ஊரில் ஒரே பெயரைச் சொல்லி இரண்டு வேறு பாம்புகளைக் காட்டினார்கள். அவற்றில் ஒன்று கடித்தால் ஆள் பிழைப்பான். மற்றது கடித்தால் பிழைக்கமாட்டான். அரசர் அதிர்ந்துபோனார்.

"யார் யாரென்றே தெரியாமல்தான் இத்தனை நாள் இந்த நாட்டை ஆண்டிருக்கிறேன்" என்றார். "இனி ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பெயர், ஒரு குலம். குலம் வாரியாக அவற்றை அரண்மனைத் தோட்டத்தில் நிறுத்த வேண்டும்."

அந்தப் பொறுப்பு அமைச்சர் திருமலைக்கொழுந்துக்குப் போயிற்று. அவர் அரசரின் பால்சகோதரர். அரசர் குழந்தையாக இருந்தபோது பாலூட்டிய செவிலித்தாயின் மகன். ஒரு மார்பில் பால் குடித்தவர்கள் ஒரு குலம் என்பது அந்த அரண்மனையின் பழைய வழக்கம். அதனால் அவையில் எல்லோரும் நிற்க, திருமலைக்கொழுந்து மட்டும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் தந்தக்கால் போட்ட ஒரு சிறிய பீடத்தில் உட்காருவார். பாற்பீடம் என்று அதற்குப் பெயர். மழை வருமா என்று கேட்டால்கூட, "நானும் அரசரும் ஒரே தாயிடம் பால் குடித்த காலத்தில்" என்றுதான் பதிலைத் தொடங்குவார்.

உயிர்களைப் பிரிக்க அவர் கண்ட வழி எளிது. மேலே என்ன போர்த்தியிருக்கிறதோ அதுதான் குலம். சிறகு இருந்தால் பறவை, கூண்டுக்குப் போகும். மயிர் இருந்தால் விலங்கு, தொழுவத்துக்குப் போகும். செதிள் இருந்தால் மீன், குளத்துக்குப் போகும். எதுவும் இல்லாவிட்டால் புழு, மண்தொட்டிக்குப் போகும். வௌவாலுக்குச் சிறகும் இருந்தது, மயிரும் இருந்தது. ஆகவே அதைக் காலையில் தொழுவத்திலும் மாலையில் கூண்டிலும் வைத்தார்கள். அது இரண்டு இடத்திலும் தலைகீழாகத் தொங்கியது.

இந்தப் பதிவேட்டை யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாதென்று அமைச்சர் ஒரு செப்பேடும் எழுதி வாங்கிக்கொண்டார். பதிவேட்டை மறுத்துப் பேசுகிறவரின் நாக்கு அறுக்கப்படும் என்று அதில் இருந்தது. பெயர் மோகத்தில் இருந்த அரசர் படித்துப் பாராமல் முத்திரை வைத்தார். அந்த நாட்டில் செம்பில் ஏறியதை அரசரே நினைத்தாலும் அழிக்க முடியாது.

அவையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான். விகடகவி என்றால் ஓயாமல் பேசுகிறவன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் பேசி முடித்த பிறகு அவன் ஒரு வார்த்தை சொல்வான். அதற்கு அவை சிரிக்கும். அவன் மீண்டும் தூணில் சாய்ந்துகொள்வான். நாக்கை வைத்துப் பிழைத்தவன்தான், ஆனால் பேச்சின்மேல் அவனுக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. நாழிகைக்கொரு சங்கு, அதற்கிடையில் முரசு, அதற்குமிடையில் புகழ்பாடுவோர் என்று இரைந்துகொண்டிருந்த அந்த மண்டபத்தில், காதில் பஞ்சு வைத்துக்கொள்ள அனுமதி இருந்தால் வைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் முதலை ஒன்று வந்தது. செதிள் இருந்ததால் 'பெரிய மீன்' என்று பதிந்து குளத்தில் விட்டார்கள். பத்தாம் நாள் அரசர் குளத்தைப் பார்க்கப் போனார். நீர் தெளிந்து கிடந்தது. ஒரு குஞ்சு மீன்கூட இல்லை.

"மீன்களெல்லாம் எங்கே?" என்றார்.

"வெயிலுக்கு ஆழத்தில் ஒதுங்கியிருக்கின்றன, அரசே" என்றார் திருமலைக்கொழுந்து.

குழைக்காதன் குளத்தையும் முதலையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "மெய்தான் அரசே. மிகவும் ஆழத்தில். பெரிய உறவினர் வயிற்றுக்குள்" என்றான்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அமைச்சர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் குழைக்காதனின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டு, அவன் வாயைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.

அடுத்த வாரம் மேற்கு மலையிலிருந்து சடைச்சி என்ற ஒரு பெண் கூடையோடு வந்தாள். பெயர் தெரியாத உயிர் எதைக் கண்டாலும் அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது ஆணை. கூடைக்குள் பலாப்பழ அளவில் ஒரு உருண்டை இருந்தது. தலையும் இல்லை, காலும் இல்லை. ஓட்டுக்கூரையைப்போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய செதிள்கள் மட்டும்தான். வாயிற்காவலர் நால்வர் அதை விரிக்க முயன்று விரல் நசுங்கி நின்றார்கள்.

திருமலைக்கொழுந்து பீடத்தில் இருந்தபடியே கைத்தடியால் அதைத் தட்டினார். டொக்கென்று சத்தம் வந்தது. "செதிள். மீன். குளத்துக்கு" என்றார். எழுத்தர் எழுதிக்கொண்டார்.

சடைச்சி பதறிப்போனாள். "ஐயோ சாமி, தண்ணியில போட்டா செத்துரும். இது மீனில்ல. புத்துல எறும்பு தின்னுட்டு வளையில கிடக்கும். பால் குடுக்கிற உசிரு சாமி. நாங்க அலங்குன்னு சொல்லுவோம்."

அவை குலுங்கியது. "செதிளில் பால் சுரக்குமா, அம்மா?" என்றார் அமைச்சர். "உங்கள் மலையில் விரால் மீன் மோர் ஊற்றுமோ?"

"சிரிக்கிறவங்க சிரிங்க. இது மீனில்ல" என்றாள் அவள்.

அமைச்சரின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல மறைந்தது. "பதிவேட்டை மறுத்துவிட்டாள். செப்பேட்டை வாசியுங்கள்" என்றார்.

எழுத்தர் வாசித்தார். புகழ்பாடுவோரின் வாய் பாதிப் பாட்டில் நின்றுவிட்டது. முத்திரை வைத்த அரசருக்கே அது புதிய செய்திபோல இருந்தது. சடைச்சி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகளைத்தான் குழைக்காதன் பார்த்தான். கிழங்கு தோண்டிக் காய்த்துப்போன கைகள்.

"பதிவேட்டை நானும் மறுக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் என்று அறிய அவனுக்கே சிறிது நேரம் ஆயிற்று. "அது மீன் அல்ல. இந்த அம்மாளின் வழக்கை நான் ஏற்கிறேன். தோற்றால் என் நாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடையது நாளைக்குக் குழம்பில் உப்புப் பார்க்க வேண்டிய நாக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அமைச்சர் எதற்காக இத்தனை நாள் காத்திருந்தாரோ அது தானாகவே வந்து மடியில் விழுந்துவிட்டது.

"நல்லது" என்றார் அவர். "நாளை உச்சிப்பொழுதில் நிறைந்த அவையில் இந்த விகடகவி இதை விரித்துக் காட்டட்டும். கத்தி படக்கூடாது. நெருப்பும் நீரும் படக்கூடாது. ஒருவர் கையும் படக்கூடாது. உள்ளே பால் இருந்தால் நாங்களும் பார்க்கிறோம்."

அரசர் யோசிக்கும் முன்பே தலையசைத்துவிட்டார்.

பிற்பகலில் குழைக்காதன் தொழுவத்தின் ஓரத்தில் சடைச்சிக்கு எதிரே உட்கார்ந்தான். இருவருக்கும் நடுவில் கூடை. அவள்தான் பொறுக்கமாட்டாமல் பேசினாள்.

"ஏன் சாமி இப்படிப் பண்ணீங்க? என்னை உங்களுக்கு முன்னப்பின்ன தெரியுமா?"

"தெரியாது."

"பின்னே?"

"முதலையை மீன் என்று எழுதியபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து நாள் கழித்து அதை வைத்து ஒரு வேடிக்கை பேசினேன். அதற்குள் குளத்தில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை." அவன் உருண்டையைப் பார்த்தான். "இது எப்போது விரியும், அம்மா?"

"பயந்தா சுருளும். பயம் போனா அதுவா விரியும். யாரும் தொட வேணாம்."

"இங்கே வந்து இவ்வளவு நேரமாகியும் விரியவில்லையே."

அந்த நேரத்தில் கோட்டையின் மேல் சங்கு ஊதியது. தொடர்ந்து முரசு. பிறகு யாரோ அரசரைச் சூரியனோடு ஒப்பிட்டுப் பாடினார்கள். உருண்டை இன்னும் இறுகியது. சடைச்சி காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்: "இந்தக் கோட்டையில எப்பவாச்சும் சத்தம் அடங்கியிருக்கா சாமி?"

குழைக்காதன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறந்தது முதல் தனக்குத் தெரிந்திருந்த ஒன்றை யாரோ இப்போதுதான் சொல்லிக்கொடுத்ததுபோல இருந்தது அவனுக்கு.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவை நிறைந்திருந்தது. நடுவில் கம்பளத்தின்மேல் அந்த உருண்டை. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு தட்டில் குறடும் கத்தியும். அமைச்சர் எதையும் மறக்கிறவர் அல்ல.

"அரசே, ஒரே ஒரு வரம் வேண்டும்" என்றான் குழைக்காதன். "நான் மறுபடி வாய் திறக்கும்வரை இந்தக் கோட்டைக்குள் யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. சங்கு கூடாது, முரசு கூடாது, வாழ்த்துக் கூடாது. தாங்களும் சேர்த்துத்தான். மீறுகிறவர் யாராயிருந்தாலும் தட்டில் இருக்கும் கத்திக்கு அவரும் பங்காளி."

"கடைசி முறையாகப் பேசுகிறான், கொடுத்துவிடலாம்" என்றார் அமைச்சர் இளக்காரமாக. அரசர் கொடுத்தார்.

குழைக்காதன் வாயை மூடினான்.

முதலில் நின்றது முரசு. பிறகு விசிறிகள். சற்று நேரம் பட்டாடைகள் உரசும் ஒலி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கட்டிய நாளிலிருந்து அந்த மண்டபம் அப்படி ஒரு அமைதியைக் கண்டதில்லை. கூரையில் புறா நடப்பது கேட்டது. யாருடைய வயிறோ இரைந்தது. அரை நாழிகை போயிற்று. திருமலைக்கொழுந்தின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்து, கொஞ்சம் நடந்து, திரும்பி வந்து உட்கார்ந்தது. அவர் கண்கள் இரண்டும் மூக்கை நோக்கித் திரும்பி நின்றன.

குழைக்காதன் தன் நாக்கைப் பற்களின் பின்பக்கம் மெல்ல ஓட்டிப் பார்த்தான். இத்தனை வருடமாக அது அங்கே இருந்திருக்கிறது, ஒரு முறைகூட அதை அவன் கவனித்ததில்லை. ஒரு நாழிகை போயிற்று. உருண்டை அப்படியே கிடந்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்க முடியவில்லை. சடைச்சி தவறாகச் சொல்லியிருந்தால்? மலையில் விரிவது மண்டபத்தில் விரியாவிட்டால்? அவன் வாழ்நாளெல்லாம் விரும்பிய மௌனம் இதோ வந்துவிட்டது. அதற்குள் நிற்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவன் எண்ணியதில்லை.

அப்போது ஒரு செதிள் அசைந்தது.

பிறகு இன்னொன்று. உருண்டையின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. கூர்மையான ஒரு மூக்கு வெளியே வந்து காற்றை மோந்து பார்த்தது. அவை மூச்சை நிறுத்திக்கொண்டது. வால் மெல்ல விலகியது. அலங்கு ஒருக்களித்து விரிந்தது.

உள்ளே ஒரு குட்டி இருந்தது. வெளிறிய, நகம்போல மெல்லிய செதிள்களோடு, ஒரு சாண் நீளத்தில். அது தாயின் மார்பில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் உறிஞ்சும் ஒலி கடைசி வரிசைவரை கேட்டது.

அரசர் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். தளபதி தன்னை அறியாமல் கைகூப்பினார். கத்த வேண்டும்போல இருந்தவர்கள் அத்தனை பேரும் வாய் பிளந்து, சத்தமில்லாமல் நின்றார்கள். அரசர் குழைக்காதனை நோக்கிக் கண்ணால் கெஞ்சினார், பேசு என்று. அவன் பேசவில்லை. குட்டி குடித்து முடித்து, வாயை எடுத்து, தாயின் வாலில் ஏறிப் படுக்கும்வரை நின்றான். அதன் பிறகுதான் வாய் திறந்தான்.

"அரசே, மீன் பால் கொடுத்துவிட்டது."

அவ்வளவு நேரம் அடைபட்டிருந்த மூச்சு ஒரே நேரத்தில் வெளியேறியது. அலங்கு திடுக்கிட்டு, குட்டியை உள்ளே வைத்து மறுபடி சுருண்டுகொண்டது.

"செதிள் இருப்பது பொய்யா?" என்றார் அமைச்சர்.

"இல்லை ஐயா. தளபதியாரின் கவசத்திலும் செதிள் இருக்கிறது. அவரைக் குளத்தில் போடாமல்தானே வைத்திருக்கிறோம்? போருக்குப் போகிறவர் உடுத்துகிறார். இது நாள்தோறும் எறும்புப் புற்றோடு போர் செய்கிறது, இதற்கும் வேண்டியிருக்கிறது. செதிளுக்கு நடுவே உற்றுப் பாருங்கள், மயிர் இருக்கிறது. வயிற்றிலும் இருக்கிறது. உடுப்பைப் பார்த்து உறவு சொன்னால் முதலை மீனாகும், வௌவால் பறவையாகும். உள்ளே பார்க்க வேண்டும். குட்டிக்குப் பால் கொடுப்பவை எல்லாம் ஒரு குலம். பசு, புலி, யானை, வௌவால், இந்த அலங்கு, எல்லாம்."

திருமலைக்கொழுந்து அங்கேதான் அவனைப் பிடித்தார். பீடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் என்றால்? அரசியார் இளவரசருக்குப் பால் கொடுத்தார். அரசரை ஈன்ற தாயாரும் பால் உள்ளவர்தாம். அரச குலத்தை எறும்புதின்னியோடு சேர்க்கிறான் இவன். அவையோர் கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கு நாக்கு போதாது. தலை."

மண்டபம் மறுபடியும் அமைதியாயிற்று. இது வேறு அமைதி. அரசரின் முகம் கறுத்துவிட்டது. சடைச்சி கண்ணை மூடிக்கொண்டாள். குழைக்காதன் தரையைப் பார்த்தபடி நின்றான். தலையை நிமிர்த்தியபோது அவன் அரசரைப் பார்க்கவில்லை. பாற்பீடத்தைப் பார்த்தான்.

"ஐயா, இங்கே எல்லோரும் நிற்கிறோம். தாங்கள் மட்டும் எந்த உறவில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"தெரியாதா உனக்கு? நானும் அரசரும் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள்."

"இரத்த உறவு உண்டா?"

"இல்லை. பால் உறவு."

"பாலால் உறவு உண்டாகும் என்கிறீர்கள். எழுத்தரே, எழுதிக்கொள்ளும்." அவன் அரசரிடம் திரும்பினான். "அரசே, இன்று காலையில் தாங்கள் அருந்திய பால் எங்கிருந்து வந்தது?"

"செவலைப் பசுவிடமிருந்து" என்றார் அரசர், புரியாமல்.

"அதே மடியில் இன்று காலை வேறு யாரேனும் குடித்தார்களா?"

அரசரின் பார்வை தொழுவம் இருந்த பக்கம் திரும்பியது. "அதன் கன்று" என்றார் கடைசியில்.

"வழக்கப்படி அந்தக் கன்றுக்கும் இந்தப் பீடத்தில் பாத்தியதை உண்டு" என்றான் குழைக்காதன். "ஐயா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். கன்றைக் கொண்டுவரச் சொல்கிறேன். பாலால் உறவு வராது என்றால் எழுந்து நில்லுங்கள். நான் சொன்னதும் பிழையாகிவிடும், என் தலையை எடுத்துக்கொள்ளலாம்."

திருமலைக்கொழுந்து எழப்போனார். பாதியில் பீடத்தின் நினைவு வந்து உட்காரப்போனார். உட்காரப்போனால் கன்றின் நினைவு வந்தது. எழவும் மாட்டாமல் அமரவும் மாட்டாமல் அரைக் குந்தலில் அவர் நின்றார். வெளியே தொழுவத்தில் அந்தக் கன்று, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, ஒரு முறை கத்தியது.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அரசர் அந்த உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழைக்காதா" என்றார் மெதுவாக. "அப்படியானால் நான் இதற்கு என்ன உறவு?"

"தூரத்து உறவு, அரசே. மிகவும் தூரம். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியதில்லை. குளத்தில் போடாமல் இருந்தால் போதும்."

அரசரின் மீசை துடித்தது. பிறகு தோள்கள் குலுங்கின. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் எழுந்து பறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேண்டுமோ கேள்" என்றார்.

"அந்தச் செப்பேடு."

"செம்பில் ஏறியதை என்னால் அழிக்க முடியாதே."

"அழிக்க வேண்டாம், அரசே. அப்படியே பரிசாகக் கொடுங்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போகிறேன்."

அரசர் கொடுத்தார். அன்று மாலையே குழைக்காதன் அதைச் செம்பு வேலை செய்யும் கன்னார் தெருவுக்குக் கொண்டுபோய், தட்டி வளைத்துத் தண்ணீர் வைக்கும் கிண்ணமாக்கினான்.

பதிவேடு புதிதாக எழுதப்பட்டது. ஊருக்கொரு பெயர் இருந்த உயிர்களுக்கெல்லாம் குலத்தின் பெயரை முன்னும் அதனதன் பெயரைப் பின்னும் வைத்து இரட்டைப் பெயர் கொடுத்தார்கள். எந்த ஊர்க்காரன் கேட்டாலும் எது எதற்கு உறவு என்று தெரிந்துகொள்ளலாம். பாற்குலத்தின் ஏட்டில் பசு, புலி, யானை, வௌவால், அலங்கு என்று வரிசையாக எழுத்தரின் கையெழுத்து போகும். கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து. அதில் 'நாம்' என்று அரசர் எழுதியிருந்தார்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், சடைச்சி அலங்கையும் குட்டியையும் கூடையில் வைத்துக்கொண்டு மலைக்குத் திரும்பினாள். செம்புக் கிண்ணமும் அவளோடு போயிற்று. திருமலைக்கொழுந்து அமைச்சராகவே இருந்தார், ஆனால் நின்றுகொண்டிருந்தார். பாற்பீடத்தில் யாரும் உட்காரவில்லை. முதலை குளத்திலேயே இருந்தது. வௌவாலைத் தோட்டத்து ஆலமரத்தில் விட்டார்கள். அவையில் நாள்தோறும் உச்சிப்பொழுதில் ஒரு நாழிகை யாரும் பேசக்கூடாது என்று அரசர் விதித்தார், அவர் இருந்தவரை அது நடந்தது. குழைக்காதன் நாக்கோடு வாழ்ந்து முதுமையில் இறந்தான்.